துப்பறியும் கதையைத் திரையேற்றிய மதுரைச் சபைகள்

மதுரைக் காளவாசலிலிருந்து வெளிவரும் ஒரு மலரில் துப்பறியும் படங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தால், நாடகக் கொட்டகையிலிருந்து தொடங்குவதே முறை. மர்ம நாவல்களை அச்சிலிருந்து திரைக்குக் கொண்டு சேர்த்ததில், மதுரையின் பெயரைத் தாங்கி ஊர் ஊராய்ச் சுற்றிய பாலர் சபைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

1908இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' வந்தது. துப்பறியும் கோவிந்தனைத் தமிழ் வாசகர்கள் அறிந்தனர். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் பின்னர் வந்து சேர்ந்தார். மேல்நாட்டுச் சாயல் இருந்தாலும், வக்கீலும் நாத்தனாரும் மடாதிபதியும் உலவிய அந்தக் கதைகள் நம் வீட்டுக் கதைகளாகவே படிக்கப்பட்டன.

1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகிய டி. கே. எஸ். சகோதரர்கள் பயின்ற இடம் அதுவே. சேர்ந்தபோது சண்முகத்துக்கு வயது ஆறு! விளையாட வேண்டிய பருவத்தில் அரிதாரம் பூசி, விடிய விடிய நின்று பாடம் ஒப்பித்த பிள்ளைகள் அவர்கள். வாதநோயால் பேச்சிழந்த சுவாமிகள் 1922இல் புதுவையில் மறைந்தார். சகோதரர்கள் தளரவில்லை. 1925இல் திருவனந்தபுரத்தில் சொந்தச் சபையைத் தொடங்கியபோதும் 'மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபா' என்றே பெயர் சூட்டினார்கள்.

அடுத்த திருப்பத்தைத் தந்தவர் எம். கந்தசாமி முதலியார், நடிகர் எம். கே. ராதாவின் தந்தை. ரங்கராஜு, வடுவூரார் நாவல்களை நாடகமாக்கி இச்சிறுவர்களுக்குப் பயிற்றுவித்தார். மர்மக் கதையில் கொலையாளியைத் தேடும் நேரத்தில் யாரும் ராகம் இழுக்க முடியாது. பாட்டுக் குறைந்தது, வசனம் மேலோங்கியது. பேசும்படத்துக்கு வேண்டிய நடிப்பு, பேசும்படம் வருமுன்பே இங்கு பழகிவிட்டது என்பது என் துணிபு.

1935இல் 'மேனகா' வெளிவந்தது. வடுவூராரின் கதை, ராஜா சாண்டோவின் இயக்கம், சபையின் நடிகர்கள். சகோதரர்களின் முதல் படமும், தமிழின் முதல் சமூகப் படங்களுள் முன்நிற்பதும் இதுவே. சாமா ஐயராக வந்த என். எஸ். கிருஷ்ணனைத் திரையில் மக்கள் முதன்முதலாகக் கண்டதும் இதில்தான். மறு ஆண்டே ரங்கராஜுவின் 'சந்திரகாந்தா' படமானது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த பி. யு. சின்னப்பா அதில் அறிமுகமானார்.

நாற்பதுகளை இங்கு விரைந்து கடக்கலாம். 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'திகம்பர சாமியா'ரை எடுத்தது. வேடத்துக்கு மேல் வேடம் மாறிய எம். என். நம்பியார், நவாப் ராஜமாணிக்கத்தின் மதுரை தேவி பால வினோத சங்கீத சபையில் பயின்றவர். பிற்காலத்தில் அவரை வில்லனாகவே கண்டவர்கள், அவர் துப்பறிபவராக வந்த இப்படத்தை அவசியம் பார்க்க வேண்டும். 1951இல் 'இராஜாம்பாள்' வழியாக ஆர். எஸ். மனோகரும் திரைக்கு வந்தார்.

பிறகு வார இதழ்த் தொடர்களின் காலம் பிறந்தது. 1978இல் சுஜாதாவின் 'ப்ரியா' படமானபோது, கோவிந்தனும் திகம்பர சாமியாரும் நின்ற இடத்தில் வக்கீல் கணேஷ் நின்றார். அந்த வேடத்தில் நடித்தவர் ரஜினிகாந்த்.