மேற்கை எலும்பின் கீழ்முனை முறிவு

மேற்கை எலும்பின் கீழ்முனை முறிவு என்பது முழங்கை மூட்டுக்குச் சற்று மேலே மேற்கை எலும்பு முறிவதாகும். சிறுவர்களுக்கு ஏற்படும் முழங்கை முறிவுகளில் இதுவே மிகுதியானது. பெரும்பாலும் 5 முதல் 7 வயதுக்குட்பட்டோர், நீட்டிய கையை ஊன்றி விழும்போது நேர்கிறது.

வகைகள்

1959 இல் கார்ட்லாண்ட் என்பவர் இம்முறிவை மூன்றாக வகைப்படுத்தினார்.

- முதல் வகை: எலும்பு இடம்பெயரவில்லை. மாவுக்கட்டு போதுமானது.
- இரண்டாம் வகை: எலும்பு சாய்ந்துள்ளது, பின்புற விளிம்பு ஒட்டியிருக்கும்.
- மூன்றாம் வகை: எலும்பு முழுமையாக இடம்பெயர்ந்துள்ளது. எலும்பை நேராக்கி, தோல்வழியே கம்பிகள் செலுத்திப் பொருத்துவர். இக்கம்பிகள் ஏறத்தாழ 3 முதல் 4 வாரங்களில் அகற்றப்படும்.

நரம்புப் பாதிப்பு

முறிந்த எலும்பின் கூரிய முனை, அருகிலுள்ள தமனியையும் நரம்புகளையும் அழுத்தவோ இழுக்கவோ கூடும். நடு நரம்பின் கிளையான முன் எலும்பிடை நரம்பே அதிகம் பாதிக்கப்படுகிறது. இக்கிளை தோலுக்கு உணர்வு தருவதில்லை. ஆகவே மரமரப்பு இராது, பாதிப்பு எளிதில் கவனத்துக்குத் தப்பிவிடும். கட்டைவிரல், சுட்டுவிரல் நுனிகளைச் சேர்த்து வட்டமாக்க இயலாமை இதன் அறிகுறியாகும்.

உட்புறமிருந்து செலுத்தப்படும் கம்பியால் அல்நா நரம்பு சேதமடைவதும் உண்டு. பாதிப்பு விழுந்தபோது ஏற்பட்டதா, சிகிச்சையால் ஏற்பட்டதா என அறிய, அறுவைக்கு முன்னரே நரம்புகளைச் சோதித்துக் குறித்து வைத்தல் இன்றியமையாதது.

அறுவைக்கான நேரம்

நாடித்துடிப்பின்றிக் கை வெளிறிக் குளிர்ந்திருந்தால் உடனடியாக அறுவை செய்யப்பட வேண்டும். முன்கைத் தசையுறைக்குள் அழுத்தம் கூடுவதும், எலும்பு தோலைக் கிழித்து வெளிவருவதும் அவசர நிலைகளே. தசை அழுத்தத்தைக் கவனியாது விட்டால், 1881 இல் வோல்க்மன் விவரித்த நிலையான தசைச்சுருக்கம் உண்டாகலாம். நடு நரம்பில் உணர்விழப்பு இருப்பின் எச்சரிக்கை வலியே மறைந்துவிடுவதால், இத்தகைய சிறுவர்களை அடிக்கடி கண்காணிக்க வேண்டும்.

இவை இல்லாதபோது அறுவையை மறுநாள் காலை வரை தள்ளிவைப்பதால் தீங்கு கூடுவதில்லை எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. முன் எலும்பிடை நரம்பு மட்டும் செயலிழந்திருப்பதும் நள்ளிரவு அறுவைக்குத் தனிக்காரணமாகக் கொள்ளப்படுவதில்லை.

நரம்பு மீட்சி

பெரும்பாலான பாதிப்புகளில் நரம்பு அறுபடுவதில்லை. அதிர்ச்சியால் தற்காலிகமாகச் செயலிழக்கிறது. எனவே பலருக்கு 2 முதல் 3 மாதங்களிலும், சிலருக்கு 6 மாதங்கள் வரையிலும் இயக்கம் தானாகத் திரும்புகிறது. உள்ளிழைகள் அறுந்திருப்பின் அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே வளர்வதால் மீட்சி தாமதமாகும். சில மாதங்களுக்குப் பின்னும் முன்னேற்றம் தென்படாவிடில் நரம்பு மின்சோதனை செய்யப்படுகிறது. தேவையெனில் நரம்பைத் திறந்து ஆராய்வர்.