திருடனுக்குத் தெளித்த மருந்து

பாலக்கோடு பக்கம் தக்காளி போட்டவர்கள் வீட்டிலே மான்கோசெப் பொட்டலம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அந்தப் பொடிக்குப் பின்னாலே ஒரு திருட்டுக் கதை இருக்கிறது.

பிரான்சு நாட்டிலே போர்டோ நகரத்தை ஒட்டித் திராட்சைத் தோட்டங்கள் அதிகம். பாதையோரக் கொடிகளிலே போகிற வருகிறவர்கள் பழத்தைப் பறித்துவிடுவார்கள். அதைத் தடுக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அந்தக் கொடிகள் மேலே தெளித்தார்கள். கறையைப் பார்த்தால் விஷம் என்று யாரும் தொடமாட்டார்கள் இல்லையா? 1882இல் அந்த வழியாகப் போன பேராசிரியர் மில்லார்டே ஒன்றைக் கவனித்தார். உள்ளே இருந்த கொடிகள் அடிச்சாம்பல் நோயிலே இலை கொட்டி நின்றன. பாதையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக இருந்தன. சோதனை செய்து, 1885இல் முறையை வெளியிட்டார். அதுதான் போர்டோ கலவை.

நம்ம பக்கத்து மைசூருக்கு 1908இல் வந்த கனடா விஞ்ஞானி லெஸ்லி கோல்மன், மலைநாட்டுக் கமுகின் காய் அழுகலுக்கு இதையே தெளிக்க வழிகாட்டினார்.

சூட்சுமம் உலோகத்திலே இருக்கிறது. இலைமேல் ஒட்டிய செம்பைப் பூசண வித்து தன் கசிவாலேயே கரைத்து, உள்ளே இழுத்துச் சாகிறது. பிறகு ரசாயன அறிஞர்கள் கந்தகம் சேர்ந்த ஒரு பொருளை எடுத்து, நண்டு கொடுக்காலே கவ்வுகிற மாதிரி உலோகத்தைக் கவ்வ வைத்தார்கள். துத்தநாகத்தைக் கவ்வியது சினெப். மாங்கனீசைக் கவ்வியது மானெப். இரண்டு உலோகமும் சேர்ந்த மான்கோசெப் 1960களின் தொடக்கத்திலே வந்தது.

கதையிலே நமக்குப் பாடம் உண்டு. திருடன் வருவதற்கு முன்னாலே தெளித்தார்கள், பாருங்கள்! இந்த மருந்துகள் காவல்காரன்தான், வைத்தியன் இல்லை. கருகிய இலையை இவை மீட்காது. முதல் புள்ளி கண்டதுமே, லிட்டருக்கு 2 கிராம் வீதம் இலையின் அடியிலும் படும்படி தெளிக்கணும்.

போர்டோ கலவை 1 சதவீதத்துக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். மண்பானை, பிளாஸ்டிக் தொட்டி மட்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலிலே மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான அரிவாளை ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேணும். அப்படியே தெளித்தால் இலை பொசுங்கிவிடும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தெளித்துவிடணும்.

ஒரு எச்சரிக்கை. மான்கோசெப் சிதையும்போது உண்டாகிற பொருள் தைராய்டு சுரப்பியைக் கெடுக்கும். 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த மருந்துக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. ஆகவே மூக்கைக் கட்டிக்கொண்டு தெளியுங்கள். பொட்டலத்திலே போட்டிருக்கிற காத்திருப்பு நாள் முடிகிற வரைக்கும் காய் பறிக்காதீர்கள். சந்தைக்குப் போகிற அதே கூடையிலிருந்துதான் நம்ம வீட்டுக் குழம்புக்கும் தக்காளி எடுக்கிறோம்.