இடது கைக்கு ஓய்வு கொடுத்த வண்டி

கியர் இல்லாத வண்டி பெண்களுக்கும் ஓட்டத் தெரியாதவர்களுக்கும் உரியது என்ற ஏளனம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. புதிதாக வண்டி வாங்குவோர் பலர் இந்தப் பேச்சுக்கு அஞ்சியே தெரிவு செய்கின்றனர். மோட்டார் சைக்கிளின் வரலாறு அறிந்தவர்கள் இவ்வாறு பேசமாட்டார்கள்.

1956ஆம் ஆண்டின் இறுதியில் ஹொண்டா நிறுவனத்தின் ஸ்தாபகர் சொய்சிரோ ஹொண்டாவும் அவரது பங்காளி தக்கேயோ புஜிசவாவும் ஐரோப்பா சென்று, அங்கு ஓடிய சிறிய வண்டிகளைப் பார்வையிட்டனர். ஹொண்டா இயந்திரம் அறிந்தவர்; புஜிசவா சந்தையை அறிந்தவர். அக்கால ஜப்பானில் சோபா எனப்படும் நூடுல்ஸ் உணவை வீடுகளுக்குக் கொண்டுசெல்லும் கடைப் பையன்கள், ஒரு கையில் தட்டை ஏந்தியபடி மறு கையால் துவிச்சக்கரவண்டி ஓட்டினர். அவர்களும் ஓட்டக்கூடிய மோட்டார் வண்டியைச் செய்வது எப்படி? வழமையான மோட்டார் சைக்கிளில் இடது கைக்குக் கிளச் வேலை இருந்தது.

1958 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த 50 சிசி சுப்பர் கப் இதற்கு விடையளித்தது. எஞ்சின் வேகம் கூடும்போது, மையநீக்க விசையால் சிறு எடைகள் வெளிநோக்கித் தள்ளப்பட்டுக் கிளச் தானே பற்றிக்கொள்ளும். வேகம் தணிய விலகிவிடும். கியர் மிதியைக் காலால் அழுத்தும்போதும் அது விலகும். ஆயினும் மூன்று கியர்களில் எது தேவை என்பதைத் தீர்மானிப்பவர் ஓட்டுநரே. கிளச்சை இயக்குவதும் கியரைத் தெரிவதும் இரு வேறு வேலைகள். முதலாவதை இயந்திரத்திடம் ஒப்படைத்து, இரண்டாவதை மனிதனிடமே விட்டுவைத்த வண்டி இது. 2017இல் இவ்வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது.

அதே நிறுவனம் 1976இல் சிபி750ஏ என்ற பெரிய தானியங்கி மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. அது சில ஆண்டுகளே நீடித்தது. பெரிய வண்டியை விரும்பி வாங்குபவருக்குக் கியர் மாற்றுவது சுமையன்று, அதுவே இன்பம். அவரது இடது கை ஓய்வு கேட்கவில்லை.

ஜப்பானியத் தபாற்காரருக்கெனச் செய்யப்பட்ட எம்.டி.90, சுப்பர் கப்பின் வழிவந்தது. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் அதனை அறியாதவர் இல்லை. பொருளாதாரத் தடை நிலவிய 1990களில், சில துளி பெற்றோலில் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் புகை கக்கி ஓடிய வண்டிகளுள் இந்தக் குடும்பத்து வண்டிகளும் அடங்கும். கிளச் பிடி இல்லாத அவ்வண்டிகளை அன்று எவரும் இழிவாகக் கருதவில்லை. 2009இல் போர் முடிந்தபின், கியரே இல்லாத ஸ்கூட்டர்கள் ஆசிரியைகளையும் அலுவலகப் பெண்களையும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நிலையிலிருந்து விடுவித்தன.

தானியங்கிக்கும் குறை உண்டு. மலைப்பாதையில் இறங்கும்போது, கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வண்டியைக் கட்டுப்படுத்தும் வசதி பெல்ட்டில் இயங்கும் ஸ்கூட்டரில் இல்லை; பெரிதும் பிரேக்கையே நம்பவேண்டும். கண்டிக்கு அப்பால் வாழ்பவர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

என்னிடம் ஆலோசனை கேட்பவர்களிடம், எந்தப் பாதையில், எந்தச் சுமையோடு, எதற்காக ஓடப்போகிறீர்கள் என்றே கேட்கிறேன். சோபாக் கடைப் பையனை மனதிற்கொண்டு அந்த இரு ஜப்பானியர்களும் கேட்டதும் இதனையே. ஊரார் என்ன சொல்வார்கள் என்பது அவர்களின் கணக்கில் இருக்கவில்லை.