கண்ணாடியிழை வளைதகடு செப்பனிடுதல் (மதுரை வட்டாரம்)

பேருந்து, வேன், ஆம்புலன்ஸ், கேரவன் போன்ற வண்டிகளின் முகப்பிலும் பின்புறத்திலும் மூலைகளிலும் பொருத்தப்படும் வளைந்த கண்ணாடியிழைத் தகடு உடைந்துபோனால், அதைக் கழற்றி எறியாமல் இழையும் பிசினும் கொண்டு மீண்டும் ஒரே உடலாக்கும் தொழில். பட்டறை வழக்கில் ‘பைபர் வேலை’. தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் வேலைக்கும் இதற்கும் உறவில்லை. தகரம் நெளியும், நெளிந்ததைத் தட்டினால் பெரும்பாலும் பழைய இடத்துக்குத் திரும்பும். பைபர் நெளியாது, உடையும். உடையும்போது உள்ளே இழை அறுகிறது. அறுந்த இழையை எந்தச் சுத்தியலும் ஒட்டவைக்காது. ஆகவே இந்தத் தொழிலில் செப்பனிடுதல் என்றால், உடைந்த இடத்தில் தகட்டைப் புதிதாக வார்ப்பது என்றே பொருள். மதுரைச் சமவெளியில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன் வண்டிகள் அரிது, பேருந்துகள் ஏராளம். மேலைநாட்டார் கேரவனுக்குச் செய்வதை இங்கே பேருந்து முகப்புக்குச் செய்கிறார்கள்.

வரலாறு

கண்ணாடியை நூலாக இழுப்பது பழைய வித்தை. 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் எட்வர்ட் லிபி என்ற கண்ணாடி ஆலை அதிபர், கண்ணாடி இழையும் பட்டும் கலந்து நெய்த உடையைக் காட்சிக்கு வைத்தார். பார்த்து வியக்கத்தான் அது உதவியது. 1930களில் கேம்ஸ் ஸ்லேட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருகிய கண்ணாடியை ஊதி மலிவாக நுண்ணிழையாக்கும் வழியைக் கண்டார். 1938இல் ஓவன்ஸ்-கார்னிங் நிறுவனம் உருவானது. அதுவரை இந்த இழைக்குப் பெரும்பாலும் வெப்பத்தையும் ஒலியையும் தடுக்கும் பஞ்சு என்ற மதிப்பே. பெரும் அழுத்தம் இல்லாமல் இறுகும் பாலியெஸ்டர் பிசின் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கைக்கு வந்த பிறகே இழை தகடாயிற்று. 1942இல் ஒகையோ மாநிலத்தில் ரே கிரீன் இந்தச் சேர்க்கையில் படகு செய்தார். 1953இல் செவர்லே கார்வெட் காரின் உடல் முழுவதும் கண்ணாடியிழையில் வந்தது.

கேரவன் இந்த வரிசையில் பிந்தி வந்தது. 1968இல் கனடாவின் வின்னிபெக் நகரில் ரே ஒலெக்கோ ‘போலர்’ என்ற முட்டை வடிவ இழுவை வண்டியை உருவாக்கினார். அதற்கு முன் அவர் வடிவமைத்தது பைபர் கழிவுநீர்த் தொட்டி. மேல்பாதி, கீழ்பாதி என இரண்டு ஓடுகளை வார்த்து இடுப்பில் இணைத்தார். வளைந்த ஓடு சட்டமில்லாமலேயே தன்னைத் தாங்கிக்கொள்ளும் என்பதைத் தொட்டி கற்றுத் தந்திருக்க வேண்டும்.

இந்தியச் சாலையில் பைபர் உடலோடு ஓடியவை பெங்களூரு வண்டிகள்: 1970களின் மூன்று சக்கர ‘பாதல்’, 1982இல் வந்த ‘சிபானி டால்பின்’. தமிழகக் கடற்கரையில் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாகப் பைபர் படகுகள் பெருமளவில் வழங்கப்பட்டன. நாகப்பட்டினம் முதல் கன்னியாகுமரி வரை மீனவர் வீடுகளில் ‘பைபர்’ அன்றாடச் சொல்லாயிற்று.

இனி பேருந்து. மதுரையின் பேருந்து வரலாறு டி.வி. சுந்தரம் ஐயங்காரிடம் தொடங்குகிறது. 1910களின் தொடக்கத்தில் அவர் தொடங்கிய பேருந்துப் பணி அறுபது ஆண்டு நடந்தது. 1972இல் அது அரசுடைமையாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. 1997இல் தலைவர்கள், மன்னர்கள் பெயர்கள் நீக்கப்பட்டபோது அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகமாயிற்று. தொடக்ககாலப் பேருந்துக் கூடுகள் மரச் சட்டத்தின் மீதும் பின்னர் இரும்புச் சட்டத்தின் மீதும் தகடு அறைந்தவை. அலுமினியத் தகடு ஒரு திசையில் எளிதாக வளையும், இரு திசையிலும் வளையாது. பாயைச் சுருட்டலாம்; அதே பாயைச் சுருக்கம் விழாமல் குடத்தின் மேல் போர்த்த முடியாது. முகப்பை உருண்டையாக்க வேண்டுமென்றால் தகட்டை நாள்கணக்கில் தட்டி விரிக்கத் தேர்ந்த கை வேண்டும். பழைய பேருந்துகள் பல தட்டை முகத்தோடு இருந்ததற்கு இதுவே காரணம். பைபரில் ஒரு மோல்டு (அச்சு) செய்துவிட்டால் போதும், எத்தனை முகப்பு வேண்டுமானாலும் ஒரே வளைவில் பிறக்கும். மதுரைக்கு அருகே விளாச்சேரியில் கொலுப் பொம்மைக்கு அச்செடுப்பதும் இதே தத்துவம்தான்: முதலில் மூலம், அதன் மேல் அச்சு, அச்சுக்குள் படி. கூடுகட்டும் தொழில் கரூரில் செழித்தபோது பைபர் முகப்பும் அதனோடு பரவியது.

உடைவின் வகைகள்

தொழிலின் பாதி அறிவு உடைவை இனம்காண்பதில் இருக்கிறது. மேற்பூச்சாகிய ஜெல் கோட்டில் மட்டும் சிலந்திவலை போல ஓடும் மயிரிழை விரிசல் முதல் வகை. இழை அறுந்திராது, ஆனால் அதன் வழியாக நீர் இறங்கும். தகட்டின் ஒருபுறம் தொடங்கி மறுபுறம் வரை போகும் விரிசல் இரண்டாவது. கல்லோ மாடோ மோதித் துண்டு பெயர்ந்து துளை விழுவது மூன்றாவது. போல்ட் துளை கிழிவது நான்காவது. விபத்து எதுவும் இல்லாமல், குலுக்கத்தாலேயே நேர்வதால் ஓட்டுநர் கண்ணில் படாது. ஐந்தாவது வகை அடுக்குப் பிரிவு. வெளியே தகடு முழுமையாகத் தெரியும், உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருக்கும். நாணயத்தால் தட்டிப் பார்ப்பதே இதற்குச் சோதனை. நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். பிரிந்த இடம் ஈரச் சுவரைத் தட்டியதுபோல மந்தமாக ஒலிக்கும். அந்த எல்லையைச் சாக்பீஸால் வரைந்து, வரைந்த கோட்டுக்கு வெளியிலிருந்தே வேலை தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் உடைவோடு நிறுத்திக்கொள்ளும் அவசர வேலை, சில மாதங்களில் அதே கோட்டில் மீண்டும் பிளக்கும்.

வளைவை மீட்டல்

தட்டைத் தகட்டில் துளையின் பின்னால் ஒரு பலகையை வைத்து இழையைப் பரப்பிவிடலாம். வளைதகட்டில் காணாமல் போனது துண்டு மட்டுமல்ல, வளைவும்தான். கையளவில் ஊகித்துப் பட்டி என்னும் நிரப்புக் குழம்பை அப்பித் தேய்த்தால் பகலில் சரியாகத் தோன்றும், இரவில் எதிர்வண்டி வெளிச்சம் விழும்போது மேடும் பள்ளமும் பளிச்சென்று தெரியும். சரியான வழி, அதே மாடல் பேருந்து இன்னொன்றிடமிருந்து வளைவைக் கடன்வாங்குவது. பணிமனையிலும் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலும் ஒரே முகம் கொண்ட வண்டிகள் வரிசையாக நிற்பது இந்தத் தொழிலுக்குக் கிடைத்த பேறு. நல்ல வண்டியின் அந்த இடத்தில் மெழுகு பூசித் தேய்த்து, அதன் மேல் பிசின் ஒட்டாதபடி பிவிஏ திரவம் பூசி, இரண்டு அடுக்கு மேட் (கண்ணாடியிழை விரிப்பு) ஒட்டி உலரவிட்டு உரித்தெடுத்தால் அச்சு கிடைக்கும். அந்த அச்சின் உட்புறத்திலும் மெழுகும் பிவிஏயும் பூசி, உடைந்த தகட்டின் வெளிப்புறத்தில் திருகாணியால் பிடித்துவிட்டு, உள்ளிருந்து வார்க்க வேண்டும். வலப்புற மூலையில் எடுத்த அச்சு இடப்புறத்துக்குப் பொருந்தாது. இடப்புறம் வலப்புறத்தின் கண்ணாடிப் பிம்பம். புதியவர்கள் தவறுவது இங்கேதான்.

விளிம்பைச் சரிவாகத் தேய்ப்பது அடுத்த படி. தகட்டின் கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலச் சரிவு வேண்டும்: 3 மி.மீ. தகட்டுக்கு 36 மி.மீ., ஏறத்தாழ ஒன்றரை அங்குலம். புதுப் பிசின் பழைய தகட்டை வேதியியலாகப் பற்றாது, சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். பிடிக்க இடம் எவ்வளவோ, பலமும் அவ்வளவு. பெயின்ட், எண்ணெய், தூசி எல்லாம் போகத் தேய்த்து அசிட்டோனால் துடைக்க வேண்டும்.

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட், பிசின் ஊறிய பின் ஓரடுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. கனம் தரும். மேட்டைக் கத்தரியால் வெட்டக் கூடாது. கையால் கிழித்தால் ஓரத்து இழைகள் பிரிந்து பழைய தகட்டோடு தடமில்லாமல் கலக்கும். பெரிய துண்டு முதலில், சிறியது பின்னர். முதல் அடுக்கே சரிவு முழுவதையும் தொடுவதால் ஒட்டு பலப்படும். ரோலரால் அழுத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவது ஒவ்வோர் அடுக்கிலும் கட்டாயம். ஒரே மூச்சில் ஐந்தாறு அடுக்கு ஏற்றினால் பிசின் தன் சூட்டிலேயே வெந்து சுருங்கும், தகடு கோணும்.

மதுரை வெயில் இதில் ஒரு கூட்டாளி, ஒரு பகைவனும்கூட. பிசினை இறுகவைக்கும் ஹார்டனர் வழக்கமாகப் பிசினின் எடையில் 1 முதல் 2 விழுக்காடு. வெப்பம் பத்து டிகிரி கூடினால் பிசின் இறுகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். சித்திரை, வைகாசியில் 1 விழுக்காட்டோடு நின்று, காலையிலேயே வார்ப்பை முடிப்பது நல்லது. நண்பகலில் கலந்தால் பிசின் டப்பாவிலேயே கட்டிப்படும். ஐப்பசி மழையில் ஈரம் ஏறிய மேட்டில் பிசின் சரியாக ஊறாமல் வெண்புள்ளி நிற்கும்.

இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். ஒன்றைப் பிசினில் முழுதும் கலக்கிய பிறகே மற்றது சேரலாம். ஹார்டனர் கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வை போகக்கூடும். கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் கிரைண்டர் பிடிக்கும் இளைஞர்களைப் பார்க்கையில் மனம் பதறுகிறது. நுண்தூள் நுரையீரலுக்குள் போகிறது, அரிப்போ சோற்றுத் தட்டு வரை தொடர்கிறது. தூள் பட்ட உடம்பைக் குளிர்ந்த நீரில் கழுவுவது வழக்கம்.

பிசின் எது என்பதில், பேருந்து முகப்புக்குப் பாலியெஸ்டரே பொருத்தம். எபாக்ஸி இன்னும் இறுக்கமாகப் பற்றும் என்றாலும் விலை பல மடங்கு. சரிவு அகலமாக இருந்தால் பாலியெஸ்டர் குறைவைக்காது. பட்டி கடைசி அரை மில்லிமீட்டரைச் சமன்செய்யும் பூச்சு மட்டுமே. துளையைப் பட்டியால் அடைப்பது செப்பனிடுதல் ஆகாது.

இன்றைய நிலை

முகப்பு மட்டுமின்றி டேஷ்போர்டு, உட்கூரைத் தகடு ஆகியவையும் பைபரில் வருகின்றன. இறுகிய பிசின் மீண்டும் உருகாது என்பதால் கழித்த முகப்புகள் காயலான் கடையிலும் விலைபோவதில்லை.