கொரியத் தொழிலாளர் கட்சியின் உட்கட்சிப் பூசல்கள்

வட கொரியாவை ஆளும் கொரியத் தொழிலாளர் கட்சிக்குள் 1945 முதல் 1960களின் இறுதிவரை தலைமைக்காக நடந்த போராட்டங்களே இங்கு உட்கட்சிப் பூசல்கள் எனப்படுகின்றன. கட்சி உருவானபோது அதில் குறைந்தது நான்கு கோஷ்டிகள் இருந்தன. மஞ்சூரிய கெரில்லாக் குழுவைச் சேர்ந்த கிம் இல்-சுங் மற்ற மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒழித்தார். கடைசியில் தம் குழுவோடு நெருங்கியிருந்த ஐந்தாவது ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு களையெடுப்பிலும் எஞ்சியிருந்த கோஷ்டிகள் அவருக்குத் துணை நின்றன அல்லது வாய்மூடி இருந்தன. அடுத்த முறை அவர்களுக்கே வந்தது. கொள்கை வேறுபாடு இப்பூசல்களில் இரண்டாம் இடத்தையே பெற்றது. ஒருவர் எந்தக் கோஷ்டி என்பதை, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தை அவர் எங்கே கழித்தார் என்பதே தீர்மானித்தது.

முன்வரலாறு

கொரியப் பொதுவுடைமை இயக்கம் கோஷ்டிப் பூசலோடு உடன்பிறந்தது. 1910இல் கொரியாவை ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொண்ட பிறகு ஏராளமான கொரியர் ரஷ்யத் தூரக்கிழக்கிலும் மஞ்சூரியாவிலும் ஷாங்காயிலும் தஞ்சம் புகுந்தனர். 1918இல் கபரோவ்ஸ்க் நகரில் யி தோங்-ஹ்வி கொரிய சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கினார். பின்னர் அவர் ஷாங்காய் சென்று, அங்கிருந்த கொரியத் தற்காலிக அரசின் பிரதமரானார். ரஷ்யாவில் பிறந்து வளர்ந்த கொரியர்கள் இதே வேளையில் சைபீரியாவின் இர்குட்ஸ்க் நகரில் போல்ஷ்விக் கட்சியின் நிழலில் தனி அமைப்பைக் கட்டினர். 1921 மே மாதத்தில் ஷாங்காயில் ஒரு கொரியப் பொதுவுடைமைக் கட்சியும் இர்குட்ஸ்கில் இன்னொரு கொரியப் பொதுவுடைமைக் கட்சியும் தோன்றின. ஒன்றை மற்றொன்று ஏற்கவில்லை. உலகப் பொதுவுடைமைக் கட்சிகளின் அமைப்பான மூன்றாம் அகிலத்தின் அங்கீகாரம் யாருக்கு, லெனின் அரசு அனுப்பிய தங்க ரூபிள்கள் யார் கையில் என்பவையே சண்டையின் மையம்.

அடுத்த மாதமே சண்டை துப்பாக்கிக்கு வந்தது. அமூர் ஆற்றுப் பகுதியில், இன்று ஸ்வபோத்னி எனப்படும் ஊரில், கொரிய ஆயுதக் குழுக்கள் பல கூடியிருந்தன. அவற்றை யாருடைய தலைமையில் இணைப்பது என்பதில் இரு தரப்பும் முட்டிக்கொண்டன. ஷாங்காய் பக்கம் சாய்ந்திருந்த படை ஆயுதங்களை ஒப்படைக்க மறுத்தது. 1921 ஜூன் 28 அன்று செஞ்சேனை இர்குட்ஸ்க் தரப்புக்குத் துணையாக வந்து அப்படையைச் சுட்டு அடக்கியது. ஜப்பானியரை எதிர்க்க எல்லை கடந்து வந்தவர்கள் தம்மவர் சண்டையிலேயே மடிந்தனர். இறந்தோர் எண்ணிக்கையை ஒவ்வொரு தரப்பும் தன் வசதிக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் எழுதிவைத்துள்ளது.

கொரியாவுக்குள்ளும் நிலைமை வேறல்ல. சியோலில் செவ்வாய்க் கழகம், வடகாற்றுக் கழகம், சியோல் இளைஞர் சங்கம் என்று வட்டங்கள் முளைத்தன. கார்ல் மார்க்ஸ் பிறந்த 1818 மே 5 ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் வட்டம் அதையே பெயராகச் சூட்டிக்கொண்டது. டோக்கியோவில் படித்துத் திரும்பியவர்கள் வடகாற்றுக் கழகத்தில் சேர்ந்தனர். 1925 ஏப்ரல் 17 அன்று சியோலின் சீன உணவகம் ஒன்றில், பெரும்பாலும் செவ்வாய்க் கழகத்தார் கூடி, கொரியப் பொதுவுடைமைக் கட்சியை இரகசியமாக நிறுவினர். சியோல் இளைஞர் சங்கத்தாருக்கு அதில் இடமில்லை. பிற்காலத்தில் இப்பூசல்கள் அனைத்துக்கும் நீதிபதியாகப் பேசிய கிம் இல்-சுங்குக்கு அதற்கு இரண்டு நாள் முன்புதான் 13 வயது நிறைந்திருந்தது.

கட்சியின் ஆயுள் குறைவு. அதே ஆண்டு நவம்பரில் எல்லைப்புற நகரான சினுயிஜுவில் இயக்க இளைஞர் சிலர் குடித்துவிட்டு ஒரு வழக்கறிஞரையும் ஜப்பானியக் காவலரையும் அடித்தனர். போலீஸ் வீடுகளைச் சோதித்தபோது ஷாங்காய்க்கு அனுப்பவிருந்த கட்சி ஆவணங்கள் சிக்கின. தலைவர்கள் கூண்டோடு பிடிபட்டனர். அவர்களில் ஒருவரான பாக் ஹோன்-யோங் சிறையில் மனநோயாளி எனக் கருதப்பட்டு 1927இல் வெளிவந்தார். கட்சி மீண்டும் அமைக்கப்பட்டது. 1926 ஜூனில், கடைசிக் கொரியப் பேரரசர் சுன்ஜோங்கின் இறுதி ஊர்வல ஆர்ப்பாட்டத்தையொட்டி மீண்டும் உடைக்கப்பட்டது. மூன்றாவது கட்சி மார்க்சிய-லெனினியக் கோஷ்டியின் கைக்குப் போனது. நான்காவதும் 1928இல் கைதுகளில் அழிந்தது. அந்த டிசம்பரில் மூன்றாம் அகிலம் பொறுமையிழந்தது. மாணவரும் அறிவுஜீவிகளும் நிறைந்த, தொழிலாளரும் உழவரும் அற்ற, ஓயாமல் தமக்குள் மோதிக்கொள்ளும் குழுக்களைக் கட்சி என ஏற்க முடியாது என்று கூறி அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றது.

அதன்பின் 17 ஆண்டுகள் கொரியருக்குத் தனிப் பொதுவுடைமைக் கட்சி இல்லை. மஞ்சூரியாவில் இருந்தவர்கள் சீனக் கட்சியில் சேர்ந்தார்கள். சோவியத் நாட்டில் இருந்தவர்கள் சோவியத் கட்சியில் இருந்தார்கள். உள்நாட்டில் இருந்தவர்கள் தலைமறைவானார்கள். பின்னாளைய கோஷ்டிகளின் பிரிவினை இந்த 17 ஆண்டுகளில் உருவானது.

கோஷ்டிகள்

உள்நாட்டுக் கோஷ்டி நாட்டைவிட்டுப் போகாமல் சிறைக்கும் தலைமறைவுக்கும் இடையே காலம் கழித்தவர்களைக் கொண்டது. தலைவர் பாக் ஹோன்-யோங். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோது அவர் குவாங்ஜுவில் ஒரு செங்கல் தொழிற்சாலையில் கூலித் தொழிலாளியாக மறைந்திருந்தார். செப்டம்பரில் சியோலில் கட்சியை மீட்டமைத்தார். உறுப்பினர் பலமும் தியாக வரலாறும் இக்கோஷ்டிக்கே மிகுதி. ஆனால் அதன் களம் அமெரிக்கர் வசமிருந்த தெற்கு. அமெரிக்கரின் ஒடுக்குமுறை நெருக்கியதால் 1946இல் பாக் வடக்கே வந்தார். தம் தொண்டர்களைத் தெற்கிலேயே விட்டு வர நேர்ந்தது.

யெனான் கோஷ்டி சீனத்தில் மாவோவின் தளமான யெனானில் இருந்தவர்களின் அணி. அதன் முகமாக விளங்கிய கிம் து-போங் மொழியியலாளர். கொரிய மொழி இயக்கத்தின் முன்னோடி ஜு சி-கியோங்கின் மாணவர். படைத்தளபதி மு சோங் சீனச் செஞ்சேனையின் நெடும்பயணத்தில் நடந்தவர். சோய் சாங்-இக் கோட்பாட்டாளர். இவர்களது கொரியத் தொண்டர் படை 1945 இலையுதிர் காலத்தில் யாலு ஆற்றைக் கடந்து சினுயிஜுவில் நுழைந்தபோது சோவியத் படை அதன் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டது. படையோடு நாடு திரும்பியிருந்தால் கொரிய வரலாறே வேறாக இருந்திருக்கும் என எண்ண இடமுண்டு.

சோவியத் கோஷ்டியினர் புரட்சியாளர் அல்லர், அதிகாரிகள். 1937இல் ஸ்டாலின் தூரக்கிழக்குக் கொரியர் சுமார் 1,72,000 பேரை மத்திய ஆசியாவுக்கு நாடுகடத்தினார். அச்சமூகத்தில் வளர்ந்த ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், கட்சி ஊழியர் ஆகியோரை 1945க்குப் பின் மாஸ்கோவே பியோங்யாங்குக்கு அனுப்பியது. கட்சி நிருவாகம் நடத்தத் தெரிந்தவர்கள் இவர்களே. அலெக்சேய் ஹெகாய் என்ற ஹோ கா-இ, பாக் சாங்-ஓக், நாம் இல் முதலியோர் குறிப்பிடத்தக்கவர்கள்.

கெரில்லாக் கோஷ்டி மிகச் சிறியது. 1930களில் மஞ்சூரியக் காடுகளில் சீனக் கட்சியின் தலைமையில் போரிட்டு, ஜப்பானிய வேட்டைக்குத் தப்பிச் சோவியத் எல்லைக்குள் சென்று, கபரோவ்ஸ்க் அருகே சோவியத் 88ஆம் படைப்பிரிவில் இருந்தவர்கள் இவர்கள். கிம் இல்-சுங் 1945 செப்டம்பர் 19 அன்று வோன்சான் துறைமுகத்தில் இறங்கினார். சோய் யோங்-கோன், கிம் சேக், கிம் இல், சோய் ஹியோன் ஆகியோர் அவருடைய தோழர்கள். படிப்பு குறைவு, ஆனால் ஒருவரையொருவர் நம்பினர். சோவியத் ஆக்கிரமிப்பு நிருவாகத்தின் ஆதரவும் இராணுவ, காவல் பொறுப்புகளும் தொடக்கத்திலேயே இவர்கள் கைக்கு வந்தன.

காப்சான் கோஷ்டி கெரில்லாக்களின் கிளை எனத்தக்கது. எல்லையோரக் காப்சான் வட்டாரத்தில் கெரில்லாக்களுக்கு உளவும் உணவும் திரட்டிய தலைமறைவு ஊழியர்களின் அணி இது. 1937 ஜூன் 4 அன்று நடந்த போச்சோன்போ தாக்குதலுக்கு, கிம்முக்குப் பெயர் வாங்கித் தந்த நிகழ்ச்சிக்கு, உள்ளிருந்து உதவியவர்கள். அதன் விளைவாகச் சிறை சென்றவர்களும் இவர்களே. பாக் கும்-சோல் 1945 வரை சிறையில் இருந்தார்.

போர்க்காலக் களையெடுப்புகள்

1945 அக்டோபரில் பியோங்யாங்கில் கொரியப் பொதுவுடைமைக் கட்சியின் வட கொரியக் கிளை தனியாக அமைந்தது. டிசம்பரில் கிம் இல்-சுங் அதன் தலைவரானார். 1946 ஆகஸ்டில் யெனான் தரப்பின் புதிய மக்கள் கட்சியோடு இணைந்து வட கொரியத் தொழிலாளர் கட்சி தோன்றியபோது தலைவர் பதவி கிம் து-போங்குக்கும் துணைத்தலைவர் பதவி கிம் இல்-சுங்குக்கும் போயின. 1949 ஜூனில் பாக் ஹோன்-யோங் தரப்பின் தென் கொரியத் தொழிலாளர் கட்சியும் சேர்ந்து கொரியத் தொழிலாளர் கட்சி ஆனது. கிம் இல்-சுங் தலைவர். பாக் ஹோன்-யோங்கும் ஹோ கா-இயும் துணைத்தலைவர்கள். மூன்று நாற்காலியில் மூன்று கோஷ்டிகள் அமர்ந்தன. ஏழு ஆண்டுக்குள் இரண்டு நாற்காலிகள் காலியாயின.

1950 ஜூனில் தொடங்கிய கொரியப் போரின் தோல்விகளுக்கு யாரையாவது பொறுப்பாக்க வேண்டியிருந்தது. பியோங்யாங்கைக் காக்கத் தவறினார் என்று மு சோங் டிசம்பரில் நீக்கப்பட்டார். பின்வாங்கலின்போது கட்சி அட்டையை எரித்த சாதாரண உறுப்பினர்களை ஹோ கா-இ சோவியத் கண்டிப்போடு தண்டித்தார், பெருந்தொகையினர் வெளியேற்றப்பட்டனர். கிம் இதைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்தினார். 1951 நவம்பர் மத்தியக் குழுக் கூட்டத்தில் உழவர்களுக்குக் கதவைத் திறக்க வேண்டும் என்று பேசி ஹோவைக் கண்டித்தார். தண்டிக்கப்பட்டவர்கள் திரும்பி வந்தனர், கிம்முக்கு நன்றியுள்ளவர்களாக. ஹோ 1953 ஜூலை 2 அன்று வீட்டில் இறந்து கிடந்தார். தற்கொலை என்று அறிவிக்கப்பட்டது.

போர்நிறுத்தம் கையெழுத்தாகி ஒரு வாரம் கழித்து, 1953 ஆகஸ்டில், உள்நாட்டுக் கோஷ்டியைச் சேர்ந்த 12 பேர் மீது அமெரிக்க உளவாளிகள் என வழக்குத் தொடரப்பட்டது. பத்துப் பேருக்கு மரண தண்டனை. அவர்களில் போர்க்காலத்தில் சியோலை நிருவகித்த யி சுங்-யோப்பும் கவிஞர் இம் ஹ்வாவும் அடங்குவர். குற்றச்சாட்டுகள் புனையப்பட்டவை. பாக் ஹோன்-யோங்கின் விசாரணை 1955 டிசம்பர் 15 அன்று ஒரே நாளில் முடிந்தது. அவருக்கும் மரண தண்டனையே. பாக்கை வீழ்த்தும்போது யெனான், சோவியத் கோஷ்டிகளிலிருந்து எதிர்க்குரல் எழவில்லை.

இரு வாரத்தில் அவர்கள் முறை வந்தது. டிசம்பர் 28 அன்று கிம் ஆற்றிய ‘ஜூச்சே’ உரை பின்னாளில் தத்துவமாகப் போற்றப்பட்டாலும், அன்று அதன் இலக்கு பாக் சாங்-ஓக் முதலிய சோவியத் கொரியரே. இராணுவ ஓய்வில்லச் சுவரில் சைபீரியப் புல்வெளிப் படமும் பள்ளிகளில் புஷ்கின், மாயகோவ்ஸ்கி படங்களும் தொங்குவதைச் சுட்டி, கொரியருடையது எங்கே என்று அவர் கேட்டார்.

1956 ஆகஸ்ட் நிகழ்வு

1956 பிப்ரவரியில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஸ்டாலினைக் கண்டித்தது பியோங்யாங்கின் அதிருப்தியாளருக்குத் தெம்பூட்டியது. ஏப்ரலில் நடந்த மூன்றாவது காங்கிரசில் சோவியத் விருந்தினராக பிரெஷ்னேவ் கூட்டுத் தலைமை பற்றிப் பேசிப் பார்த்தார், பயனில்லை. ஜூன் முதல் ஜூலைவரை கிம் சோவியத் நாட்டிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் உதவி கேட்டுச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது யெனான் கோஷ்டியின் சோய் சாங்-இக்கும் சோவியத் கோஷ்டியின் பாக் சாங்-ஓக்கும் முதன்முறையாகக் கைகோத்தனர். தனிநபர் வழிபாடு, கனரகத் தொழில் வெறி, மக்களின் பட்டினி ஆகியவற்றை முன்வைத்து மத்தியக் குழுவிலேயே கிம்மைக் கட்சித் தலைமையிலிருந்து இறக்குவது திட்டம். சோவியத் தூதரகத்திலும் சொல்லிவைத்தனர். தூதரக அதிகாரிகள் எழுதிவைத்த உரையாடல் குறிப்புகளே இன்று நமக்கு இந்தச் சதியைப் பற்றிய முதன்மைச் சான்று.

நாடு திரும்பிய கிம் கூட்டத்தை ஆகஸ்ட் 30வரை தள்ளிப்போட்டு, ஒவ்வொரு உறுப்பினரையும் மிரட்டியும் இணங்க வைத்தும் தயார் செய்தார். வணிக அமைச்சர் யுன் கோங்-ஹும் எழுந்து பேசத் தொடங்கியதுமே கூச்சல் எழுந்தது. உரை முடியவில்லை. யுன்னும் சோ ஹ்வி உள்ளிட்ட வேறு மூவரும் எல்லை கடந்து சீனாவுக்கு ஓடினர். மற்றவர்கள் பதவியிழந்தனர்.

செப்டம்பரில் சீனக் கட்சியின் எட்டாவது காங்கிரசுக்காகப் பீகிங் வந்திருந்த சோவியத் தலைவர்களில் ஒருவரான மிகோயானும் சீனத் தளபதி பெங் தெஹுவாயும் நேரே பியோங்யாங் சென்றனர். இரு பெரிய கட்சிகளும் சேர்ந்து அழுத்தியதில் செப்டம்பர் 23 அன்று முடிவுகள் திருத்தப்பட்டன. சோய் சாங்-இக்கும் பாக் சாங்-ஓக்கும் மத்தியக் குழுவுக்குத் திரும்பினர். ஒரு மாதத்தில் ஹங்கேரியில் எழுச்சி வெடித்தது. இன்னொரு நாட்டில் தலைமையை அசைக்கும் துணிவு மாஸ்கோவுக்குப் போய்விட்டது. கிம் அதைக் கண்டுகொண்டார். 1957இல் சோய், பாக் இருவரும் கைது செய்யப்பட்டனர். 1958 மார்ச் கட்சி மாநாட்டில் கிம் து-போங் கண்டிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார். போரில் உதவ வந்திருந்த சீனப் படைகளும் அவ்வாண்டே வெளியேறின. சோவியத் கொரியரில் பலர் குடியுரிமையைக் காட்டி தாஷ்கண்டுக்கும் அல்மா-அத்தாவுக்கும் திரும்பினர். திரும்பாதவர்கள் சிறை சென்றனர்.

காப்சான் களையெடுப்பும் பின்னரும்

1961 செப்டம்பரில் கூடிய நான்காவது காங்கிரஸ் கெரில்லாக்களின் வெற்றி விழா. மிஞ்சியிருந்தது காப்சான் அணி. பாக் கும்-சோல், யி ஹியோ-சுன், கிம் தோ-மான் ஆகியோர் 1967 மே மாதக் கூட்டத்தில் வீழ்த்தப்பட்டனர். பழைய கன்பூசிய அறிஞர் சோங் யாக்-யோங்கின் ஆட்சிமுறை நூலைக் கட்சி ஊழியருக்குப் பரிந்துரைத்ததும் குற்றப்பட்டியலில் ஒன்று. 1969இல் பாதுகாப்பு அமைச்சர் கிம் சாங்-போங் முதலிய கெரில்லாத் தளபதிகள் சிலரும் நீக்கப்பட்டனர். 1974இல் பிரகடனமான பத்துக் கோட்பாடுகள் தலைவருக்கு விசுவாசத்தைக் கடமையாக்கின. கோஷ்டி சேர்வதே பெருங்குற்றமாயிற்று.

வாரிசுப் போட்டியில் கிம் இல்-சுங்கின் மகன் கிம் ஜோங்-இல் தம் சிற்றப்பன் கிம் யோங்-ஜுவையும் மாற்றாந்தாய் மக்களையும் ஓரங்கட்டி 1980 காங்கிரசில் வெளிப்பட்டார். 2013 டிசம்பர் 8 அன்று, கிம் ஜோங்-இல்லின் மகனும் வாரிசுமான கிம் ஜோங்-உன்னின் அத்தை கணவர் ஜாங் சோங்-தேக் அரசியல் தலைமைக் குழுக் கூட்டத்திலிருந்து காவலரால் இழுத்துச் செல்லப்பட்டு, 12ஆம் தேதி இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி கொல்லப்பட்டார். அவர் மீதான குற்றப்பத்திரிகையிலும் முதன்மையாக இருந்தது கோஷ்டி சேர்த்தார் என்பதே.