காலரா

பழைய தலைமுறை வாந்திபேதி என்று சொல்லி அஞ்சிய நோய். காற்புள்ளி போல வளைந்த விப்ரியோ காலரே என்னும் பாக்டீரியா, அசுத்தமான நீர், உணவு வழியே சிறுகுடலை அடைந்து நச்சைச் சுரக்கிறது. அந்த நச்சு குடற்சுவரைக் கிழிப்பதில்லை. செல்களிலிருந்து குளோரைடை வெளியேற்றுகிறது. உப்பும் நீரும் அதன் பின்னாலேயே கொட்டுகின்றன.

அரிசி களைந்த கழுநீர் போன்ற பேதி, குழிந்த கண்கள், கிள்ளிவிட்டால் மெல்லத் திரும்பும் தோல். சிகிச்சையைத் தொடங்க இவையே போதும். மலத்தை டிசிபிஎஸ் ஊடகத்தில் வளர்த்து மஞ்சள் திட்டுகளைத் தேடுவது நோயை உறுதிசெய்யத்தான்.

1884இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் இந்தக் கிருமியை ஆராய்ந்தார். அது நச்சால்தான் தாக்குகிறது என்பதை 1959இல் அதே நகரின் சம்புநாத் டே முயலின் குடலில் காட்டினார். நோபல் பரிசு அவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

1971, வங்கதேசப் போர்க்காலம். மேற்கு வங்க எல்லையூரான பன்கானில் அகதிகளிடையே காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீரும் நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. குளுக்கோஸ் ருசிக்காக அல்ல. சோடியத்தைக் குடற்சுவருக்குள் கூட்டிச்செல்வது அதுதான்.

இன்றும் ஓஆர்எஸ் எனப்படும் இத்தகைய உப்பு-குளுக்கோஸ் கரைசல்தான் முதல் மருந்து. நாடி தளர்ந்தவருக்கு ரிங்கர் லாக்டேட் டிரிப், குழந்தைகளுக்குக் கூடவே துத்தநாகம். டாக்சிசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக் பேதியின் நாட்களைக் குறைக்கும் துணை மருந்து மட்டுமே.