அஞ்சல் குதிரைகளின் பாதையில் ஓர் ஓட்டம்

பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளில் இறுதியாக நடைபெறுவது அஞ்சலோட்டம். அதுவரை கொட்டகை நிழலில் சோர்ந்திருந்தவர்களும் எழுந்து நின்று பார்ப்பது அதைத்தான். தமிழகத்தார் இதனைத் தொடரோட்டம் என்பர். நமது சொல்லில் கடிதப் போக்குவரத்தின் வாடை இருக்கிறது. பழைய திருவிதாங்கூர் அரசின் அஞ்சலோட்டக்காரன் மணி கட்டிய கோலுடன் ஓடிவந்து, அடுத்த நிலையத்தில் காத்திருப்பவனிடம் கடிதப் பையைக் கையளிப்பான். ஒருவர் ஓய்கிற இடத்தில் மற்றவர் தொடங்குவது என்பதே இதன் அடிப்படை.

உலகின் மறுகோடியில், நம்மோடு எவ்விதத் தொடர்புமின்றி, இதே எண்ணத்தில் இன்னொரு சொல் பிறந்தது. ஜப்பானியர் தமது நெடுந்தூர அஞ்சலோட்டத்தை 'எக்கிடென்' என்கின்றனர். 'எக்கி' என்பது நிலையம். 'டென்' என்பது கடத்துதல். பழைய ஜப்பானில் அரச ஓலைகளைச் சுமந்த அஞ்சல் குதிரைகள் நிலையத்துக்கு நிலையம் மாற்றப்பட்ட முறைமையிலிருந்து எடுக்கப்பட்ட பெயர் இது. இந்தப் பந்தயத்தைத் தோற்றுவித்தவர் ஓட்டவீரர் அல்லர், ஒரு பத்திரிகையாளர். அதனாலேயே இதனை எழுத வேண்டுமென்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக இருந்தது.

அவர் பெயர் தோக்கி சென்மாரோ. 1885இல் பிறந்தவர். வசேடா பல்கலைக்கழகத்தில் கற்று, 1908இல் யோமியூரி பத்திரிகையில் சேர்ந்தார். 'தங்கா' எனப்படும் குறுங்கவிதை வடிவில் தேர்ந்த கவிஞர். இளவயதில் மறைந்த கவிஞர் இஷிக்காவா தக்குபோக்குவின் நெருங்கிய நண்பர். நண்பர் இறந்தபின் அவருடைய கவிதைகள் நூலாக வெளிவரத் துணைநின்றவரும் இவரே. 1917இல் தோக்கி அப்பத்திரிகையின் சமூகப் பகுதிக்குத் தலைவராக இருந்தார். தலைநகர் கியோத்தோவிலிருந்து டோக்கியோவுக்கு மாறி ஐம்பது ஆண்டுகள் ஆனதை நினைவுகூரும் பொருட்காட்சியொன்று டோக்கியோவின் உவெனோவில், ஷினோபாசு குளத்தருகே ஏற்பாடாகியிருந்தது. அதையொட்டிப் பத்திரிகையின் பெயர் விளங்க ஏதேனும் செய்ய வேண்டும். பழைய தலைநகரிலிருந்து புதிய தலைநகர்வரை மனிதர்களை ஓடவைத்தால் என்ன என்று தோக்கி நினைத்தார்.

பத்திரிகைகள் பந்தயம் நடத்துவது அப்போது புதுமையன்று. பிரான்ஸைச் சுற்றிவரும் சைக்கிளோட்டமும் 1903இல் ஒரு பத்திரிகையின் விற்பனையை உயர்த்தும் நோக்கில் தொடங்கியதுதான். ஆனால், இரவு பகலாக, ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல், ஆளுக்கு ஆள் மாறி ஓடுவது என்பது வேறு கதை. ஐம்பத்து மூன்று நிலையங்களைக் கொண்ட பழைய தொக்கைடோ நெடுஞ்சாலை 23 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. கிழக்கு, மேற்கு எனப் பிரதேசத்துக்கு ஒன்றாக இரண்டே அணிகள். ஜப்பானிய விளையாட்டுச் சங்கத்தின் உப தலைவராக இருந்த தக்கெடா சியோசபுரோ 'எக்கிடென்' என்ற பெயரைச் சூட்டினார்.

1917 ஏப்ரல் 27ஆம் திகதி பிற்பகல், கியோத்தோவின் சஞ்ஜோ பாலத்திலிருந்து ஓட்டம் ஆரம்பமாயிற்று. இரண்டு இரவுகள் ஓடி, 29ஆம் திகதி ஷினோபாசு குளக்கரையை அடைந்தனர். கிழக்கு அணி வென்றது. அவ்வணியின் இறுதிக் கட்டத்தை ஓடியவர் கனாக்குரி ஷிசோ. 1912இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக் மரதனில் வெப்பம் தாளாது இடைநடுவில் வீழ்ந்து, 1967இல் அதே நகருக்கு அழைக்கப்பட்டு, 54 ஆண்டுகளின் பின் ஓட்டத்தை 'முடித்த' மனிதர் என வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். எதிரணியின் இறுதி ஓட்டக்காரர் ஹிபினோ யுத்தாக்கா, முன்னாள் பாடசாலை அதிபர். வயது ஐம்பது! தோல்வி உறுதியான பின்னரும் அவர் ஓடி முடித்தார். எனக்கு அவரையே அதிகம் பிடித்திருக்கிறது.

பந்தயம் பெருவெற்றி, மக்கள் வீதியோரங்களில் திரண்டனர். ஆனால், கணக்குப் புத்தகம் வேறொன்றைச் சொல்லியது. செலவு எல்லை மீறியிருந்தது, பத்திரிகைக்குப் பெருநட்டம். அதற்கான பொறுப்புத் தோக்கியின் தலையில் விழ, 1918இல் அவர் யோமியூரியை விட்டு வெளியேறினார். பகுதித் தலைவராக இருந்தவர், டோக்கியோ அசாஹி பத்திரிகையின் சமூகப் பகுதியில் சாதாரண உறுப்பினராகச் சேர்ந்தார். பத்திரிகைத் துறையில் இருந்தவர்களுக்கு இது புதினமன்று. விழா மேடையில் யார் யாரோ நிற்பார்கள். பற்றுச்சீட்டுகள் வரும்போது, யோசனை யாருடையது என்று மட்டும் விசாரிப்பார்கள்.

ஆனால் ஓட்டம் நிற்கவில்லை. தான் ஒருவன் தனித்துச் சென்று தோற்ற ஒலிம்பிக்குக்கு நூறு பேரைத் தயார்செய்ய வேண்டுமென்பது கனாக்குரியின் ஆசை. நண்பர்களோடு சேர்ந்து, அமெரிக்கக் கண்டத்தையே குறுக்கறுத்து ஓடும் ஓர் அஞ்சலோட்டத்தைப் பற்றிக்கூடக் கனவு கண்டார். ரொக்கி மலைகளைக் கடப்பதற்குப் பயிற்சியாக ஹாக்கோனே மலை தெரிவாயிற்று. இம்முறை கைகொடுத்தது ஹோச்சி என்ற மற்றொரு பத்திரிகை. 1920 பெப்ரவரி 14இல், நான்கு உயர்கல்வி நிறுவனங்களின் அணிகள் டோக்கியோவிலிருந்து ஹாக்கோனேக்குப் புறப்பட்டன. மாணவர்கள் காலை வகுப்பை விடக்கூடாது என்பதால் புறப்பாடு பிற்பகல் ஒரு மணிக்கு! மலையேறும்போது இருட்டிவிட்டது. ஊர் இளைஞர்கள் தீப்பந்தம் பிடித்து வழிகாட்டினர். மறுநாள் திரும்பி வருகையில், இறுதிக் கட்டத்தில் டோக்கியோ உயர் ஆசிரியர் கல்லூரியின் மொகி சென்சாக்கு, முன்னால் சென்ற மெய்ஜி அணியைப் பிடித்து 25 செக்கன்களால் வென்றார். அவ்வாண்டே அன்ட்வேர்ப் ஒலிம்பிக் மரதனிலும் அவர் ஓடினார்.

இன்று அப்பந்தயம் ஒவ்வொரு ஜனவரி 2, 3ஆம் திகதிகளில் நடக்கிறது. அணிக்குப் பத்துப் பேர். இரு நாட்களில் 217.1 கிலோமீற்றர். ஐந்தாம் கட்டத்தை ஓடுபவர் கடல்மட்டத்திலிருந்து 874 மீற்றர் உயரமான இடம்வரை ஏற வேண்டும். அவர்கள் கையில் கோல் இல்லை. 'தசுக்கி' எனப்படும் துணிப்பட்டையைத் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக அணிந்து ஓடுவர். வியர்வையில் நனைந்த அதனை அடுத்தவர் வாங்கி அணிவார். இதில் கொடுமையான விதியொன்று உண்டு. முன்னணி வீரர் கடந்துசென்று குறித்த நிமிடங்கள் ஆகியும் ஓர் அணியின் வீரர் வந்துசேராவிட்டால், அடுத்தவர் அவருக்காகக் காத்திராமல் வேறொரு பட்டையுடன் புறப்பட்டாக வேண்டும். சில வினாடிகள் பிந்தி, கையில் பட்டையோடு வருபவர், வாங்குவதற்கு ஆளில்லாத வீதியில் விழுந்து அழுவார். போட்டியில் அவ்வணி தொடர்ந்தும் இருக்கும், நேரமும் கணக்கிடப்படும். ஆயினும், வந்த நூல் அறுந்துவிட்டதாகவே அவர்கள் கருதுகின்றனர்.

அந்த நூல் உண்மையாகவே அறுந்த காலமும் உண்டு. போர்க்காலத்தில் 1941, 1942இல் ஹாக்கோனே ஓட்டம் நடைபெறவில்லை. 1943 ஜனவரியில் மட்டும், யசுக்குனி ஆலயத்தில் தொடங்கி அங்கேயே முடியும்படி, 11 அணிகளுடன் நடந்தது. போரில் மாண்டோருக்கான ஆலயம் அது. அவ்வாண்டின் பிற்பகுதியில் பல்கலைக்கழக மாணவர்களும் படைக்கு அழைக்கப்பட்டனர். அன்று ஓடியவர்களில் பலர் போர்முனைக்குச் சென்றனர். திரும்பி வராதவர்களும் உளர். பட்டையைக் கொடுத்தவன் இல்லை, வாங்கியவனும் இல்லை என்ற நிலையை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. 1947இல் ஓட்டம் மீண்டும் தொடங்கிற்று.

ஹோச்சி பத்திரிகை 1942இல் யோமியூரியோடு இணைக்கப்பட்டது. அதனால், ஹாக்கோனே ஓட்டம் இப்போது ஆரம்பமாவதும் முடிவதும் டோக்கியோவின் ஒத்தேமாச்சியில் உள்ள யோமியூரி தலைமையகத்துக்கு முன்னால்தான். அப்பத்திரிகைக் குழுமத்தைச் சேர்ந்த நிப்பொன் தொலைக்காட்சி இதனை நேரடியாக ஒளிபரப்பத் தொடங்கியது 1987இல். புத்தாண்டு நாட்களில் வீடு வீடாகப் பார்க்கப்படும் நிகழ்ச்சி அது. நட்டக் கணக்கோடு வெளியேறிய தோக்கி சென்மாரோ, அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னரே, 1980இல் காலமாகிவிட்டார். எக்கிடென் பிறந்த இடம் இதுவெனச் சொல்லும் கல் சஞ்ஜோ பாலத்தருகே ஒன்றும், ஷினோபாசு குளக்கரையில் ஒன்றும் நாட்டப்பட்டுள்ளன.